சொன்னது சொன்னபடி

அந்த நகர மன்றத்தில் முப்பத்தாறு உறுப்பினர்கள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் மூன்றே பேர். அந்த மூவரும் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை. மீதிப் பேரின் வாக்கியங்களை இருபத்துநான்கு வருடங்களாக முடித்துவைத்துக்கொண்டிருந்தவள் மன்றத்தின் குறிப்பெழுத்தராக இருந்த ஒரு பெண். மூச்சு விடாமல் உளறுகிறவர்களுக்கெல்லாம் புள்ளி வைக்கிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கும் தெரியும்; தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

மன்றக் கூடத்தில் தலைவரின் மேடைக்குக் கீழே, ஓரமாக, அவளுக்கு ஒரு சின்ன மேசை. மற்றவர்களெல்லாம் உயரமான வரிசைகளில் உட்கார்ந்திருந்ததால் அவள் நிமிர்ந்தால் முதலில் தெரிவது அவர்களுடைய கால்கள்தான். மக்கள் நலன் என்று வாய் முழங்கிக்கொண்டிருக்கும்; கால் கழற்றிப் போட்ட செருப்பைத் துழாவிக்கொண்டிருக்கும். வாய்க்கும் காலுக்கும் சம்பந்தமில்லாத இந்தப் பிறவிகளைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அரசியல் விட்டுப்போயிற்று.

ஒரு நாள் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். எந்தப் பொருளில் விவாதம் நடந்தாலும் அதை வடிகாலில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்பதால் ஊரே அவரை வடிகாலார் என்றுதான் சொல்லும். அன்று அவர் பேசியது இவ்வளவுதான்: "தலைவரே, நான் என்ன கேக்கிறேன்னா, அந்த வடிகால், வடிகால்னா அந்த, போன தடவையே, போன தடவை இல்ல அதுக்கு முந்தின தடவை, சொன்னேனா இல்லியா, தொறந்து பாத்தாத்தானே, ஆக மொத்தம் ஜனங்க, அவ்வளவுதான்."

புள்ளியம்மா அதைக் கேட்டாள். கூட்டம் முடிந்ததும் அலுவலக மேசைக்குத் திரும்பிப் போய் இப்படி எழுதினாள்: "ஒரு நகரத்தின் நேர்மையை அறிய வேண்டுமானால் அதன் வடிகாலைத் திறந்து பாருங்கள் என்று முந்தைய கூட்டத்திலும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்."

அவர்கள் மேல் இருந்த மரியாதையால் அவள் இப்படிச் செய்யவில்லை. உடைந்த வாக்கியத்தைத் தன் கையால் எழுதுவது அவளுக்கு எச்சில் தட்டில் சாப்பிடுவது போல இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எழுவாயைச் சரிசெய்தாள். அப்புறம் ஒரு பயனிலையைச் சேர்த்தாள். சில வருடங்களில் கருத்தையும் அவளே சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அச்சான அவைக்குறிப்பைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துப் போட்டார்கள். பேச்சாளர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் மறுநாள் அவள் மேசைக்கு வந்து, "நேத்து நான் என்ன பேசினேம்மா?" என்று கேட்டுப் படித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. தாங்கள் அப்படித்தான் பேசினோம் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அங்கே எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் மாடியில் மூன்று அறை வீடு. கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மேலாளர். ஊராருக்கெல்லாம் பார்வையைத் திருத்திக் கொடுக்கிறவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் தெரிவதெல்லாம் சத்தியம் என்று நம்புவார். மூன்றாம் மாடியில் அவருடைய தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அவர் மனைவிக்கு மருத்துவமனையில் மாலை நேர வேலை என்பதால் அவருக்குச் சாப்பாடு இவர்கள் வீட்டில்தான். அண்ணன் எதிர்க்கட்சி, தம்பி ஆளுங்கட்சி. ஒரே சோபாவில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் போனில் நாடு முன்னேறிக்கொண்டிருக்கும். மற்றவர் போனில் அதே நாடு நாசமாகிக்கொண்டிருக்கும். இரண்டு நாட்டுக்கும் ஒரே வைஃபை.

மகள் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தாள், வீட்டிலிருந்தபடியே. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு ஊர்க்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். அம்மா எதிரே வந்து நின்றால் விரலைத் தூக்கி, இரு, என்பாள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டில் இல்லாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று புள்ளியம்மா நினைத்துக்கொள்வாள்.

கணவருக்கு வடிகாலார் என்றால் உயிர். சாப்பாட்டு மேசையில் தம்பியை மடக்க வேண்டும் என்றால் கடைசி ஆயுதமாக அந்த வாக்கியத்தை எடுப்பார். "ஒரு நகரத்தின் நேர்மையை அறிய வேண்டுமானால்" என்று ஆரம்பித்து, கண்ணை மூடிக்கொண்டு முழுதாக ஒப்பிப்பார். "இந்த மாதிரி ஒரு வரி உங்க தலைவர் வாயில வருமா?" என்பார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "தினம் அங்கதான் உக்காந்திருக்கே, இந்த மனுஷனோட அருமை உனக்குத் தெரியல. உனக்கு அரசியல் புரியாது" என்று வருத்தப்படுவார். அவள் தன் வரியைக் கணவர் வாயால் கேட்டுக்கொண்டே காயைப் பரிமாறுவாள். சொல்லிவிடலாம் என்று ஒரு தடவைகூட வாயெடுத்ததில்லை. இவர்களிடம் போய்ச் சொல்வதா என்ற இளக்காரம்தான் காரணம்.

இளக்காரம் முற்றிப் போனதில் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஒவ்வொரு கனைப்பையும் காதில் வாங்குகிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் காது வெறும் அலங்காரம். ம் என்று சொல்ல மட்டும் பழகி வைத்திருந்தாள். எந்த இடத்தில் ம் போட வேண்டும் என்பது கேட்காமலே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் மன்றத்துக்கு இயந்திரம் வந்தது. பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும் இயந்திரம். ஒவ்வொரு உறுப்பினரின் முன்னாலும் கவிழ்த்த சாஸர் மாதிரி ஒரு கறுப்பு மைக்கை வைத்தார்கள். கோட்டு போட்ட ஒரு அம்மாள் நிறுவனத்திலிருந்து வந்து விளக்கம் சொன்னாள். இயந்திரத்துக்குக் கட்சி கிடையாது, களைப்பு கிடையாது, ஒரு சொல்லையும் விடாது என்றாள். இதை வாங்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. அதற்கு முன் அந்த மன்றத்தில் எதுவும் ஒருமனதாக நிறைவேறியதில்லை. விஷயம் இதுதான்: புள்ளியம்மா எதிர்க்கட்சிக்காரர்களின் பேச்சை மட்டும் அழகாக்கி எழுதுகிறாள் என்று ஆளுங்கட்சிக்குச் சந்தேகம். ஆளுங்கட்சிக்காகத்தான் எழுதுகிறாள் என்று எதிர்க்கட்சிக்குச் சந்தேகம். தங்கள் உண்மையான திறமை இனிமேல்தான் வெளியே வரப் போகிறது என்று இரு தரப்பும் எதிர்பார்த்தன.

தலைவர் கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. அவைக்குறிப்பு இனி சொன்னது சொன்னபடி, மனிதக் கை படாமல், மறுநாளே இணையதளத்தில் வெளியிடப்படும். குறிப்பெழுத்தர் ஒருமுறை பார்வையிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும். எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது. மன்றச் செயலாளர் அதன் பிரதியை அவளிடம் கொடுக்கும்போது, இனி உங்களுக்கு வேலை சுலபம் என்றார். சுலபம் என்ற சொல்லை, சாவு வீட்டில் சொல்கிற குரலில் சொன்னார்.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்து, எப்பவோ வந்திருக்க வேண்டியதும்மா என்றாள்.

முதல் கூட்டம் முடிந்த மறுநாள் காலை புள்ளியம்மா திரையைத் திறந்தாள். மைக் ஒன்றும் விடவில்லைதான். முழங்கியதும் இருந்தது, முனகியதும் இருந்தது.

"உறுப்பினர் 17: தலைவரே தலைவரே தலைவரே.
தலைவர்: இருப்பா. இவன் ஆரம்பிச்சா விடமாட்டான். டீ சொல்லிட்டியா?
உறுப்பினர் 17: பள்ளிக்கூடக் கூரை, கூரைன்னா, மழை, நான் கேக்கிறது மழை வருமா வராதா, வந்தா யாரு?
உறுப்பினர் 9: இப்ப எதுக்குக் கை தூக்கணும்?
உறுப்பினர் 10: எல்லாரும் தூக்குறாங்க. தூக்கு."

பதினேழாம் எண் வடிகாலார். கூரைக்கு வந்தும் அவரால் ஒழுங்காக ஒழுக முடியவில்லை. புள்ளியம்மா படித்துக்கொண்டே போனாள். திடீரென்று அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அறையில் இருந்த மற்ற எழுத்தர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் சிரித்து அவர்கள் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றறிக்கையை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது என்றுதான் அதில் எழுதியிருந்தது. அதை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். தலைவருக்குச் சுற்றறிக்கை எழுத வராது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. யாராவது எதையாவது யோசிக்காமல் செய்தால், எல்லாரும் தூக்குறாங்க, தூக்கு, என்று சொல்வது வழக்கமாயிற்று. கண்ணாடிக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் பவர் பார்க்க எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மழை வருமா வராதா, வந்தா யாரு?" என்று அதை வாசிப்பது போல நடித்திருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. கணவர் அன்று வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

ஆனால் அவர் நம்பிக்கைக்கு ஒரு கீறலும் விழவில்லை. இயந்திரத்தை ஆளுங்கட்சி விலைக்கு வாங்கிவிட்டது என்றார். இல்லை, எதிர்க்கட்சிதான் அதற்குள் ஏதோ செய்துவிட்டது, எங்கள் தலைவர் இப்படி டீ கேட்கிற ஆளா என்றார் தம்பி. பத்து நிமிடம் கத்திய பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இது வெளிநாட்டுச் சதி. பத்து வருடத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அந்தச் சமாதானத்தைப் பார்க்கத்தான் புள்ளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இயந்திரம் சரியாத்தான் எழுதியிருக்கு" என்றாள். "அவங்க அப்படித்தான் பேசுவாங்க. அந்த வடிகால் வரி அவர் சொன்னதில்ல. நான் எழுதினது."

கணவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "நீதான் எழுதினே. யாரு இல்லைன்னா? சொன்னது அவரு, எழுதினது நீ."

"அவர் சொல்லவே இல்லைங்கிறேன்."

கொழுந்தனார் சிரித்துவிட்டார். "அண்ணி, டைப் அடிக்கிறவங்க எல்லாம் இப்படிக் கிளம்பிட்டா என்ன ஆகிறது? லிஃப்ட்ட நான் சரிபண்றேன். அதுக்காக ஜனங்க மேல போறதே என்னாலதான்னு சொல்லலாமா?"

கணவரும் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, பரிவாகச் சிரித்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இப்படியெல்லாம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கவலைப்படாதே என்று வேறு சொன்னார். மகள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நிஜமாவாம்மா?" என்று கேட்டாள். அம்மா, "சாப்பிடு" என்றாள்.

அந்த வாரம் முழுதும் வீட்டில் இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை இரவு அண்ணன் தம்பிக்குள் புதிதாக ஒரு சண்டை முளைத்தது. வெளிநாட்டுச் சதி என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்பது சண்டை. நான்தான் சொன்னேன், நீ சொல்லவே இல்லை, என்று மாறி மாறிக் கத்தினார்கள். மகள் எழுந்து வந்து தன் போனை மேசையின் நடுவில் வைத்தாள். இதிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது, பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்ளும், அப்புறம் யார் என்ன சொன்னீர்கள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எல்லோரும் ஒரு நிமிடம் மேடையில் ஏறினவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து அளந்து அளந்து பேசினார்கள். இரண்டாவது நிமிடம் போன் இருப்பதே மறந்துபோயிற்று.

சாப்பாடு முடிந்ததும் எழுத்து வந்தது. நான்கு பேரையும் அது குரல் ஒன்று, குரல் இரண்டு என்று பிரித்திருந்தது. கணவரும் கொழுந்தனாரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். ஒருவர் உளறலைக் காட்டி மற்றவர் சிரித்தார். புள்ளியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். இருபத்துநான்கு வருட அனுபவத்தோடு, சிரிக்கத் தயாராக, படிக்க ஆரம்பித்தாள்.

குரல் மூன்று அவள். அதைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ம்." "ம்." "காய் போடட்டுமா?" "ம்." "உளறாதீங்க." "சரி சரி." "ம்." "ரெண்டு பேருக்கும் வேற வேலையில்ல." ஐம்பது நிமிடச் சாப்பாட்டில் அவள் பத்தொன்பது தடவை வாயைத் திறந்திருந்தாள். அதில் பதினொன்று ம். சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது கிடைத்திருக்கும்.

சிரிப்பு வரவில்லை. மேலே போனாள்.

"குரல் 1: அதைத்தான் நானும் சொல்றேன், இது திட்டம் போட்டுச் செஞ்சது, மணிக்கட்டு எப்படியிருக்கு, டாக்டர்கிட்டப் போனியா, இவங்க எல்லாரும் கூட்டு.
குரல் 3: ம்."

அவள் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். எழுதி எழுதி அது மூன்று மாதமாக வீங்கிக் கிடந்தது. கணவர் இப்படிக் கேட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. இன்னும் கீழே தள்ளிப் பார்த்தாள். இன்னொரு இடத்தில், "அந்தப் பாத்திரத்த நீ தூக்காதே, கை வலிக்கும்" என்றிருந்தது. அதற்கும் ம். கடைசியில், சதியின் உச்சத்தில், "நாளைக்கு வேணா நான் கூட வரட்டுமா?" என்றிருந்தது. அதற்குக் குரல் மூன்று, "உளறாதீங்க" என்றிருந்தது.

முதலில் இயந்திரத்தின் மேல்தான் கோபம் வந்தது. பொய்யாக எதையாவது எழுதிவைத்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தவுடனே, அதே வார்த்தையை ஒரு வாரமாகத் தன் வீட்டுச் சோபாவிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது உறைத்தது. போனை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். ஊரார் வாயில் நல்ல வாக்கியமாக வைத்து வைத்து அனுப்பியவள், தன் வீட்டு மேசையில் ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தாள். கணக்கு வரவில்லை.

கணவர் சோபாவில் போனோடு சாய்ந்திருந்தார். அவள் போய் எதிரே நின்றாள்.

"போகல. நாளைக்குப் போறேன்."

"எங்க?"

"டாக்டர்கிட்ட. மணிக்கட்டுக்கு."

"அதத்தான் நான் மூணு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. இந்த மனிதரிடம் மனம் இளகுவதுகூட ஒழுங்காக நடக்காது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மறுநாள் டாக்டரிடம் போனாள். கணவரும் கூட வந்தார். காத்திருந்த நேரம் முழுதும் பக்கத்தில் இருந்தவரிடம் வெளிநாட்டுச் சதியை விளக்கினார்.

டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு அனுப்பினார். அதோடு அலுவலகம் போனவளைத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனால், தலைவரும் வடிகாலாரும் ஒரே தட்டில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மன்றத்தில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழிக்கிறவர்கள். செயலாளர் ஓரமாக நின்றார்.

தலைவர் அவளை உட்காரச் சொன்னார். இதுவரை சொன்னதில்லை. பிறகு வெகு நேரம் சுற்றி வளைத்தார். இயந்திரம் நல்ல இயந்திரம்தான், ஆனால் குழந்தை மாதிரி, பழக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு அனுபவசாலி இருக்க வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிக்காததை அவள் வழக்கம்போல மனதுக்குள்ளேயே முடித்துக்கொண்டாள். முன்பு மாதிரியே அவள் எழுத வேண்டும். இயந்திரம் எழுதியதாக வெளியிடுவார்கள். இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது என்று அறிவிப்பார்கள். இத்தனை வருடம் அவர்கள் வாய்க்குப் பின்னால் இருந்தவள், இனி ஒரு சாஸருக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

"புதன்கிழமை சிறப்புக் கூட்டம் போட்டிருக்கோம்மா" என்றார் வடிகாலார். "இயந்திரத்தில பிழை இருந்துச்சுன்னு நீங்க எழுந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். பட்டியல் கூடத் தயாரா இருக்கு."

செயலாளர் பட்டியலைக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு பிழைகள். தலைவர் டீ கேட்டது முதல் பிழை.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ம் என்றாள். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இந்த மன்றத்துக்குள் இவ்வளவு வேடிக்கை இருக்கிறது என்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. தலைவர் அவளை அழைத்தார். அவள் தன் மேசையை விட்டு எழுந்தாள். அந்தக் கூடத்தில் அவள் பேசியதே இல்லை. ஒரு மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்கள். இவர்களுக்காக ஆயிரம் பேச்சு எழுதியிருக்கிறோம், நமக்கென்று வரும்போது தானாக நல்லதாக நாலு வார்த்தை வந்து விழும் என்று அவள் நம்பியிருந்தாள். வாயைத் திறந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அது வந்து" என்றாள். "நான் வந்து, இருபத்துநாலு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். இந்தப் பட்டியல்ல இருக்கிறது பிழை இல்ல. நீங்க பேசினதுதான். பிழைன்னா அது முன்னாடி வந்த குறிப்புப் புத்தகங்கள்லதான் இருக்கு. அது எல்லாம், அது நான் பண்ணினது. நீங்க யாரும் அப்படிப் பேசல. நான்தான் மாத்தி மாத்தி எழுதினேன். ஜனங்க உங்கள நம்பினதுக்கு நானும், வந்து, நானும் ஒரு காரணம். தப்புதான். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். வாயே திறக்காத அந்த மூவர் உட்பட முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இயந்திரம் முப்பத்தாறையும் எழுதிக்கொண்டது. இவ்வளவு கேவலமாகவா பேசினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கிப்போயிருந்தது. ஐந்து மணிக்குத் திரையைத் திறந்து, தன் பேச்சை ஒரு தடவை படித்தாள். இரண்டு இடத்தில் கை துறுதுறுத்தது. ஒன்றையும் தொடாமல் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் காலை அவளைத் தரைத்தளத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. அதை அவமானம் என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். பிறந்ததையும் செத்ததையும் தவிர வேறு எதையும் யாரும் சொல்லாத ஒரு மேசை கிடைத்ததில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மன்றம் அடுத்த கூட்டத்தில், வாசகர்களின் வசதிக்காக இனி தீர்மானங்கள் மட்டும் வெளியிடப்படும், விவாதங்கள் வெளியிடப்படமாட்டா, என்று முடிவு செய்தது. இதுவும் ஒருமனதாகத்தான். இயந்திரத்தை எடுக்கவில்லை. வாசலில் இங்கே எல்லாம் வெளிப்படை என்று பெரிய பலகை வைத்தார்கள். ஊர் பத்து நாள் சிரித்தது. பதினோராம் நாள் வேறு எதற்கோ சிரிக்கப் போய்விட்டது.

கணவர் அவள் பேச்சைக் கடையில் வைத்துப் படித்திருக்கிறார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து, "இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே" என்றார்.

"நீங்களா ஆனீங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்து, வடிகாலாரின் பேச்சுகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். தெருவிளக்கைப் பற்றிச் சொன்னது? அவள், நான், என்றாள். நூலகம் மூடினபோது பேசியது? அதுவும் நான். அந்த ராஜினாமாப் பேச்சு?

"அது அவரே பேசினது" என்றாள். "அவர் பேசினதிலேயே அது ஒண்ணுதான் உருப்படி. ஆனா ராஜினாமா பண்ணல."

கணவர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. பிறகு நூலகப் பேச்சை அவரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், மனப்பாடமாக இருந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கே என்று, கண்ணாடியில் ஒரு கீறலைக் கண்டுபிடித்தவர் மாதிரி, கொஞ்சம் அதிருப்தியோடு சொன்னார்.

ஐந்து மாதத்தில் தேர்தல் வந்தது. வடிகாலார் மறுபடி நின்றார். சாப்பாட்டு மேசையில் கணவர், என் ஓட்டு அவருக்குத்தான் என்று அறிவித்தார். கொழுந்தனார்கூட அசந்துபோனார். எல்லாம் தெரிந்த பிறகுமா என்று கேட்டார். தெரிந்த ஆள் என்பதால்தான், தெரியாதவன் இதைவிட மோசமாக இருந்தால் என்ன செய்வது என்றார் கணவர்.

புள்ளியம்மா கரண்டியை வைத்தாள். ம் என்று சொல்லவில்லை. அவள் பேச ஆரம்பித்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஆரம்பித்தாள், இடையில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், எதற்காகப் போனாள் என்பதை மறந்தாள், யாரோ குறுக்கே பேசியபோது குரலை உயர்த்தினாள், கணவரைப் பார்த்து உங்களுக்கு மூளை இருக்கா என்று கேட்டாள். கணவர் பதிலுக்கு அவள் பதிவு மேசையைப் பற்றி ஏதோ சொன்னார். மகள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்றார் கொழுந்தனார்.

"நீங்க சும்மா இருங்க. உங்க தலைவர் மட்டும் என்ன ஒழுங்கு?" என்று அவர் பக்கம் திரும்பினாள்.

சாப்பாடு ஆறிப்போயிற்று. வடிகாலார் முன்பைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார்.